கடேசில ஒண்ணு சொன்னேனே

நைனா ஓட்டுவது நாற்பதடி டிரெய்லர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போனாலும் சரி, ராயபுரம் பக்கம் உள்ள துறைமுகத்துக்குப் போனாலும் சரி, ஓட்டுவதைவிட நிற்பதுதான் அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம், சில நாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. அந்த நேரத்தில்தான் அவர் உலகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வார்.

டிரைவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் உண்டு. நைனா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுத வராது. அதனால் வாய்ஸ் போடுவார். நாளைக்கு ஒன்று, டீ குடித்தபிறகு. குரூப்பில் போட்டதை எனக்கும் அனுப்பிவிடுவார். பின்னால் வண்டிகளின் ஹாரன், யாரோ காறித் துப்பும் சத்தம், நடுவில் அவருடைய குரல்.

புதிதாக வந்த போன் ஒன்றைப் பற்றி: "பின்னாடி மூணு கண்ணு வெச்சிக்கீறான். இன்னாத்துக்கு? என் மூஞ்சி ஒண்ணுதான கீது?"

வழிகாட்டும் மேப்பைப் பற்றி: "கிட்ட வயி காட்றேன்னு பாலத்தாண்ட வுட்டுச்சு. அதுக்கு சைக்கிளும் ஒண்ணு, டிரெய்லரும் ஒண்ணு. அந்த பொம்பள குரல நம்பி திரும்பிகினேன்னா அங்கியே குடித்தனம் பண்ண வேண்டிதான்."

தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்க வந்தவரைப் பற்றி: "நம்ம தெருவுக்கு மூக்க பொத்திகினு வர்றான். கைய எட்த்தாதான கும்புட முடியும்? மூக்கா, ஓட்டான்னு அவனே முடிவு பண்ணிக்கட்டும்."

கமெண்டில் சண்டை போடுகிறவர்களைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "இவனுங்க எவனும் க்யூல நின்னதில்ல. நின்னுகினு பாரு, முத மணி நேரத்துக்குத்தான் கோவம் வரும். அப்புறம் பசிக்கும்."

நானும் கருத்துச் சொல்கிறவள்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி முடித்து, வேலைக்கும் போய்க்கொண்டு, கல்லூரித் தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு சேனல் நடத்துகிறேன். அவள் வீடு நகரத்தின் அந்தப் பக்கம். மாடியில் சின்ன அறை, இரண்டு மைக், சுவரில் பழைய மெத்தை விரிப்பு. வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுவோம்: எந்த போன் தேவலை, எந்த அரசியல்வாதியின் மன்னிப்பு உண்மையானது, எந்த மீம் ஏன் சிரிப்பு மூட்டுகிறது. பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் நான் நன்றாகப் பேசுவேன் என்று கேட்பவர்கள் எழுதுவார்கள். தெளிவான தமிழ், எந்த ஊர் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினார். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

அந்தத் தெளிவு சும்மா வந்ததல்ல. ஆறாம் வகுப்பில் "புத்தகம் பையில கீது மிஸ்" என்று சொன்னதற்கு, 'இருக்கிறது' என்று நூறு முறை எழுத வைத்தார்கள். எழுதிய கையோடு வீட்டுக்கு வந்து நைனாவைத் திருத்தினேன். அவர் சோற்றில் கை வைத்தபடி, "இருக்கிரது" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, "வூட்லயே வாத்தியாரம்மா வந்துட்டாங்க, தட்ட ஒயுங்கா கயுவு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு நாக்கு. வாசலுக்கு உள்ளே நைனா, வெளியே அப்பா. போனில்கூட அவர் பெயரை 'அப்பா' என்றுதான் பதிந்திருந்தேன். அலுவலகத்தில் மேசைமேல் போன் கிடக்கும்போது யார் கண்ணிலாவது படும் என்று.

ஒரு வாரம், பேசினால் பதில் சொல்லும் போன்களைப் பற்றிப் பேசினோம். பேச்சு சூடு பிடிக்கவில்லை. தோழி கொட்டாவி விட்டாள். அப்போது எனக்கு நைனாவின் வாய்ஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் நாள் அனுப்பியது.

"இந்த போனுக்குள்ள ஒரு பொண்ணு கீது. மெக்கானிக் எங்க கீறான்னு கேட்டா, மன்னிக்கவும் புரியவில்லைன்து. இன்னாமா புரில, தமியு தான பேசறேன்னா, அதுக்கும் மன்னிக்கவும்ன்து. எட்டு வாட்டி மன்னிப்பு கேட்ருச்சு. எனக்கே பேஜாரா பூட்ச்சு. சரி வுடுமா, நீ இன்னா தப்பு பண்ணேன்னு நான் சமாதானம் சொல்லிகினு கீறேன், கேட்டாண்ட."

இதற்குப் பிறகும் கொஞ்சம் உண்டு. ஒரு ஹாரன் சத்தம். பிறகு: "எம் பொண்ணு வரட்டும். அதுக்கு ரெண்டு பாசையும் தெரியும். அது சொன்னா இந்த போனு கேக்கும்."

அந்தக் கடைசித் துண்டை வெட்டினேன். அறையிலிருந்து வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, கட்டை விரலால் நகர்த்தி, ஹாரனோடு நிறுத்தினேன். ஒரு நிமிட வேலை. உள்ளே போய் மைக் முன்னால், "எங்க ஏரியால ஒரு லாரிக்காரர் இருக்கார், அவர் கருத்தைக் கேளுங்க" என்றேன்.

தோழி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "இவர் எங்க கிடைச்சார் உனக்கு?" என்றாள். "எல்லா இடத்துலயும் கிடைப்பாங்க" என்றேன். அவள் கெட்டவள் அல்ல. அது என் அப்பா என்று சொல்லியிருந்தால் அப்போதும் சிரித்திருப்பாள், வேறு மாதிரி. அந்த வேறு மாதிரியை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சியில் என் அறிமுகமும் நைனாவின் குரலும் வந்த இடம் மட்டும் தனியாகப் பிய்ந்து இணையமெங்கும் ஓடியது. யாரோ மேளச் சத்தம் சேர்த்தார்கள். யாரோ இரண்டு பூனைகளை உதடசைக்க வைத்தார்கள். "எட்டு வாட்டி மன்னிப்பு" என்பது இரண்டு வாரம் எல்லோர் வாயிலும் கிடந்தது. என் அலுவலகத்தில் ஒருவன் தாமதமாக வந்ததற்கு அப்படித்தான் மன்னிப்புக் கேட்டான். நானும் சிரித்தேன். 'குடித்துவிட்டுப் பேசுகிறான்' என்று கீழே பலர் எழுதியிருந்தார்கள். நைனா குடிக்கமாட்டார். பதில் எழுத விரல் போனது. எழுதினால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று விரலை எடுத்துவிட்டேன்.

ஊரில் சுற்றும் எதுவும் அந்தக் கண்டெய்னர் வரிசைக்கு வராமலிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நைனா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"நம்ம வாய்ஸு ஊரெல்லாம் சுத்துதாமே. முன்னாடி வண்டிக்காரன் போட்டு காட்டுனான். பூனை பேசுது, என் குரல்ல."

நான் அலமாரியில் எதையோ தேடினேன்.

"அதுல உன் குரலும் கீது" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து, "இன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"எங்க ஏரியால ஒரு லாரிக்காரர்ன்னு சொன்னா."

"லாரிக்காரன்தான நீ? கப்பலா ஓட்ற?" என்றாள் அம்மா.

நைனா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார் என்றுதான் வெகு நாள் நம்பினேன். "நல்லாத்தான் கீது. எல்லாரும் சிரிக்கிறானுங்க" என்றார். பிறகு துண்டைக் கொடியில் போட்டு, அதன் ஓரங்களை இழுத்துச் சரிசெய்தபடி, "ஆனா கடேசில ஒண்ணு சொன்னேனே. அத்த காணமே" என்றார்.

"டைம் பத்தல நைனா. அதுல இவ்வளவுதான் போட முடியும்."

"ஆமா ஆமா. சின்னதா இருந்தாதான் பாப்பாங்க" என்று எனக்காக அவரே வாதாடினார்.

நாங்கள் போடும் நிகழ்ச்சி ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் ஓடும்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து வாய்ஸ் வரவில்லை. முதலில் எனக்குத் தெரியவில்லை. வேலை, நிகழ்ச்சி என்று ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டில்தான் முதலில் காதில் பட்டது. "குழம்பு நன்றாக இருக்கிரது" என்றார் அம்மாவிடம். அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "தண்ணீர் வந்து விட்டதா?" என்றார் இன்னொரு நாள், செய்தி வாசிப்பவர்போல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.

அம்மா என்னைக் குழாயடிப் பக்கம் இழுத்துப் போனாள். "இன்னாடி பண்ண அவர? ஒயுங்கா பேசறாரு. எனக்கு பயமா கீது. யாரோ வாடகைக்கு வந்த ஆள் மாதிரி கீறாரு வூட்ல."

பிறகு நடந்ததை முன்னாடி வண்டிக்காரர் என்னிடமே சொன்னார். நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர்; தெருமுனை டீக்கடையில் பார்த்தேன். நைனா குரூப்பில் வாய்ஸ் போடுவதை விட்டுவிட்டு, மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் எழுத்தாக விழுமே, அதைப் பழகியிருக்கிறார். குரல் வெளியே போகாது அல்லவா. நிதானமாகப் பேசியவரை எழுத்து சரியாகத்தான் விழுந்தது, ஆனால் அவசரத்தில் பழைய நாக்கு வந்துவிட்டது. டயர் வெடித்து வண்டி துறைமுக கேட் பக்கத்தில் நின்ற அன்று, மெக்கானிக்கைக் கூட்டிவந்த கையோடு, "வண்டி கேட்டாண்ட கீது, மெக்கானிக்க இட்டாந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். போன் எழுதியது: 'வண்டி கேட்டான் கீதா மெக்கானிக் இட்லி தந்துட்டேன்.'

"குரூப்பே ரெண்டு நாளு தூங்கல பாப்பா" என்றார் மாமா. "யாரு மாமு அந்த கீதா, வண்டி வேற கேட்டாளா, இட்லி வேற குட்த்தியான்னு ஓட்டிகினே இருந்தானுங்க. உங்க நைனாவும் சிரிச்சிகினுதான் இருந்தாரு." டீ கிளாஸைச் சுழற்றினார். "ஆனா நீ சொல்லு, வாய்ஸ் போட சொல்லு. அவரு பேசாம க்யூவே நவுர மாட்டேங்குது."

அன்று மாலையே நைனா என்னிடம் போனை நீட்டினார். கோபமாக இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டை நீட்டுவதுபோல.

"இது ஏன் எப்ப பாரு கீதா கீதான்னே போட்... போடுகிரது?"

"அதுக்கு நம்ம பேச்சு தெரியாது நைனா. யாரும் சொல்லிக் குடுக்கல."

"நீ சொல்லிக் குடேன்" என்றார். "உனக்குத்தான் ரெண்டும் தெரியுமே."

வெட்டிய துண்டு அதுதான். அவர் அதை நினைத்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய்ப் போய் வந்து, "பாக்கறேன்" என்றேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, வந்தது, "அப்டேட் பண்ணனும்" என்பதுதான்.

அடுத்த நாள் தோழியிடம் போனில் சொன்னேன். அது என் அப்பா, அதை எடுத்துவிடலாம் என்று. "ஏன்டி அன்னைக்கே சொல்லல? நான் மேசையத் தட்டிச் சிரிச்சேனே" என்றாள். அவள் வருத்தப்பட்டது அவளுடைய சிரிப்புக்காக. அந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டோம். பூனைகள் எங்கள் கையில் இல்லை. அவை இப்போதும் நைனாவின் குரலில் பேசிக்கொண்டிருக்கின்றன.

சேனலில் நான் இதை இன்னும் சொல்லவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால் அந்தத் தெளிவான தமிழ்தான் வருகிறது, அந்தத் தமிழில் இதைச் சொன்னால் அதையும் ஒரு நல்ல கருத்தாக்கிவிடுவேன். கேட்பவர்கள் பாராட்டுவார்கள். இங்கே எழுதுவது அதைவிட எளிது என்பதும் எனக்குத் தெரிகிறது. எழுத்தில் என் குரல் கேட்காது. நைனா மைக் பொத்தானை அழுத்தியதும் அதற்காகத்தான்.

போன வாரம் வேலைக்குப் போகும்போது, ரயிலில், ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் முடிவு செய்தேன். பெட்டியில் பாதி ஆட்கள் என்னைப்போல அலுவலகம் போகிறவர்கள். போனை வாயருகே வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படியே வாய்ஸ் போட்டேன். பன்னிரண்டு வருடமாக வெளியில் பேசாத பேச்சு. முதல் வார்த்தை தடுக்கியது.

"நைனா, எங்க கீற? க்யூலயா? நான் சொன்னது பொய்யி நைனா. டைம் பத்தாம வெட்டல. நீ எம் பொண்ணுன்னு சொன்னியே, அது இருந்தா நீ யாருன்னு தெரிஞ்சிடும்னு வெட்டிட்டேன். லாரிக்காரர்ன்னு சொன்னேனே, அது தப்பு. எங்க நைனான்னு சொல்லிருக்கணும். நீ வாய்ஸ் போடு நைனா. யாரு இன்னா சொன்னா இன்னா. நான் கேட்டுகினு கீறேன்."

எதிரில் இருந்த பெண் என்னை ஏறிட்டுப் பார்த்து, பிறகு தன் போனைப் பார்த்தாள். அனுப்பிவிட்டு, 'அப்பா' என்று இருந்ததை 'நைனா' என்று மாற்றினேன்.

கடற்கரை நிலையத்தில் இறங்கும்போது இரண்டு டிக்கும் நீலமாயின. என் வாய்ஸ் நாற்பது வினாடி. அதை அவர் இரண்டு, மூன்று முறை கேட்டிருக்கவேண்டும். அவ்வளவு நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. வாய்ஸ் இல்லை, மைக் பொத்தானை அழுத்திப் பேசிய எழுத்து.

'கேட்டேன் அம்மா. பரவாயில்லை. நீ நன்றாகப் பேசி இருக்கிறாய். எனக்கு வேலை இருக்கிறது.'

படிக்கட்டில் ஓரமாக நின்று திரும்பத் திரும்பப் படித்தேன், எங்காவது ஒரு கீதா இருக்கிறாளா என்று. ஒரு பிழைகூட இல்லை.