ஷம்சியா லாத்தா விசாரிக்கிறார்

“இங்க பாருளா பிருந்தா, ‘குவாரிமேன்’னு போட்டிருக்கு. அது என்ன வேல?” என்று கேட்டுக்கொண்டே ஷம்சியா லாத்தா என் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பதிலுக்கு நிற்பதில்லை. ஹாலைக் கடந்து ஜன்னல் வரை போய், அங்கிருந்து திரும்பி, சமையலறைக்குள் நுழைந்து என் குழம்பை ஒரு கிளறு கிளறிவிட்டு, மறுபடி என் முன்னால் வரும்போது போனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். வேல்ஸ் நாட்டு மலையூர் ஒன்றின் நூற்றைம்பது வருஷப் பழைய சென்சஸ் தாள் அதில் விரிந்து கிடக்கிறது. கல் வெட்டுகிறவர் லாத்தா, என்கிறேன். “அதான பாத்தேன்!” என்று மறுபடி ஜன்னலுக்குப் போய்விடுகிறார்.

குவைத்தின் அப்பாசியாவில், ஒரே மாடியில், எதிரும் புதிருமாக நாங்கள் குடியிருக்கிறோம். நான் மதுரைக்காரி, கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. அவர் காயல்பட்டினம். அக்கா என்று கூப்பிட்டேன். அதெல்லாம் வேண்டாம், எங்கூர்ப் பழக்கத்துக்கு லாத்தா என்று கூப்பிடு என்று முதல் நாளே திருத்திவிட்டார். அவர் கணவர் காதர் மைதீன் கீழே பக்காலா வைத்திருக்கிறார். நாட்டிலிருந்து வரும் முருங்கைக்காயிலிருந்து முகப்பவுடர் வரை சகலமும் கிடைக்கும் மளிகைக்கடை. கடையில் சீனி மூட்டை மூட்டையாக இருக்கிறது, மாடிக்கு மட்டும் ஏறாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சர்க்கரை வியாதி.

லாத்தாவுக்கு உட்காரத் தெரியாது. டி.வி. பார்ப்பது நின்றுகொண்டு, சாப்பிடுவது நடந்துகொண்டு. வீட்டுச் செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருக்கும். “உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுதுளா” என்பார். டாக்டர் தினம் நடக்கச் சொன்னபோது சிரித்தே விட்டார்.

ஆனால் அவருடைய கீர்த்தி நடையால் வந்ததல்ல, விசாரிப்பால் வந்தது. குவைத்தில் காயல்காரர் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் போன் லாத்தாவுக்குத்தான். பையன் எப்படி, வாப்பா எப்படி, பெண் வீட்டு உம்மா மருமகனைச் சோறு போட்டுக் கொல்வாரா, சொல்லால் கொல்வாரா, எல்லாம் அஸர் தொழுகைக்கும் மக்ரிப் தொழுகைக்கும் நடுவில் தெரிந்துவிடும். ஊருக்கு ஒரு போன், கொழும்புக்கு ஒரு போன், துபாய்க்கு ஒரு போன். “நல்ல மனுசன்தான், ஆனா கஞ்சி ஆறியிருந்தா கிண்ணத்த வீசுவாஹ” என்கிற அளவுக்குத் துப்பு கிடைக்கும். இதற்கெல்லாம் கூலி கிடையாது. சம்பந்தம் முடிந்தால் ஒரு கிள்ளு சீனி. “எங்க குடும்பத்துல அதான் வழக்கம். ரெண்டு வீடும் சரின்னு சொன்னதும் வாயில சீனி வச்சிரணும். சீனி வைக்காத பேச்சு வெறும் பேச்சு.”

இப்படிப்பட்டவருக்குத்தான் சோதனை வந்தது. ஒரே மகன் உஸைர் வேல்ஸில் ஆஸ்பத்திரி மருந்தகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அந்த ஊர் டீச்சர் பெண் ஒருத்தியைக் கட்டப்போகிறேன் என்று போன வருஷம் சொன்னான். பெயர் லவ்ரி. “லாரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் லாத்தா அழ ஆரம்பித்தாராம். வேதக்காரப் பெண், மார்க்கத்தில் தடையில்லை என்று ஆலிமிடம் கேட்டு வைத்திருந்தான் பையன். காதர் மைதீன் அண்ணனுக்கு அது போதவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், “ஊரு ஒலகத்துக்கெல்லாம் விசாரிக்கிறல்ல? இதையும் விசாரி. நீ விசாரிச்சு நல்ல குடும்பம்னு சொன்னா நானும் சரிங்கிறேன். கலாஸ், அவ்ளோதான்!” என்றார். வேல்ஸ் மலையில் இவள் யாருக்குப் போன் போடுவாள் என்ற தைரியம்தான்.

லாத்தா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பழைய சென்சஸ், சர்ச் பதிவு, குவாரிச் சம்பளப் பட்டியல் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன என்று உஸைர்தான் சொன்னான். அன்று தொட்டு தினமும் காலையில் அவன் ஒன்றிரண்டு தாள் அனுப்புவான், கூடவே பேசுவான். லாத்தாவுக்கு ஆங்கில எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. போனை மொழிபெயர்க்கச் சொன்னால் அது ‘சிலேட்டுத் தொழிலாளி’ என்றது. லாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். “சிலேட்டு செய்ற குடும்பம்ளா! படிச்சவஹளாத்தான் இருப்பாஹ.” அது கூரைக்கு வேய்கிற கல், மலையை வெடி வைத்துப் பிளந்து எடுப்பது என்று நான் விளக்கிய பிறகும் அவர் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. ஊர்ப் படத்தில் அத்தனை வீட்டுக் கூரையும் கருநீலச் சிலேட்டு. “புள்ளைக கூரையில ஏறி எழுதுனா மழை வந்து அழிச்சிரும். எவ்ளோ வசதி!”

அடுத்த தலைவலி ஜோன்ஸ். அந்த மலையில் கல்லைத் தூக்கிப் போட்டால் ஒரு ஜான் ஜோன்ஸ் மேல் விழும் போல. லாத்தா அசரவில்லை. “எங்கூர்ல எத்தன முகம்மது, எத்தன மைதீன்! வீட்டுப் பேர வச்சுத்தான் ஆளப் புடிக்கணும்.” அப்படியே பிடித்தார். லவ்ரி குடும்பத்து வீட்டின் பெயர் ‘ட்டீ மௌர்’. வெல்ஷில் பெரிய வீடு என்று அர்த்தமாம். லாத்தா பூரித்துப்போய்ப் படம் கேட்டு வாங்கினார். கல்லில் கட்டிய இரண்டு அறை. மூன்றாவது ஆள் நின்றால் முதல் ஆள் வெளியே வரவேண்டும். “பெரிய வீடாம்!” என்று நான் சிரித்தேன். “சிரிக்காதளா. சின்ன வீடுன்னு பேர் வைக்காம போனாஹளே” என்று என் தலையில் குட்டினார்.

ஒரு நாள் ஓடி வந்தார். பெண் வழியில் ஒரு விதவைக் கிழவி, அந்த வீட்டிலேயே மகள், மகளின் புருஷன். “மாப்ள பொண்ணு வீட்டுல! நம்மூர்ப் பழக்கம்ளா!” காயலில் கல்யாணம் ஆனால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். அதே தாளில் என்ன மொழி பேசுவார்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. கிழவிக்கு நேரே வெல்ஷ் மட்டும். “இங்கிலீஷ்காரன் ஆண்ட ஊர்ல இருந்துக்கிட்டு இங்கிலீஷே தெரியாம காலத்த ஓட்டிட்டாஹ. என்னைய மாதிரி.” அந்தத் தாளை மட்டும் அவர் போனில் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறார். ஆனால் எல்லா நாளும் கடைசியில் ஒரே புலம்பல்தான்: “நான் இம்புட்டு விசாரிக்கிறேன். அவுஹ நம்மளப் பத்தி ஒரு வார்த்த கேக்கலையே. பெத்த புள்ளைய யாருன்னு தெரியாதவன் கையில குடுப்பாஹளா? அதான்ளா எனக்கு இடிக்குது.”

பிறகுதான் அந்தப் பெயர்ச் சண்டை. குவாரியில் வேலை பார்த்த ராபர்ட் எல்லிஸ் என்று ஒருவர் கிடைத்தார். அவர் வீட்டிலேயே அவர் மகன் என்று எழுதியிருக்கிறது, ஆனால் பெயர் வில்லியம் ராபர்ட்ஸ். அந்த வில்லியமுடைய மகன் ராபர்ட் வில்லியம்ஸ். லாத்தா வெளிறிப் போனார். இங்கிலீஷ்காரர்களுக்கு வம்சம் பூராவும் ஒரே கடைசிப் பெயர் ஓடும் என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். காதர் மைதீன் அண்ணன் விடுவாரா? “தகப்பனுக்கு ஒரு பேரு, மகனுக்கு ஒரு பேரு, பேரனுக்கு ஒரு பேரு! யார் புள்ளையோ! இதான் உன் நல்ல குடும்பமா?” லாத்தா அந்த வாரம் முழுக்கத் தாழ்வாரத்தில் நடந்தார். தேய்ந்த செருப்பின் சத்தம் எனக்கு உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது, எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர்கள் வீட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சாப்பாடு. அண்ணன் வாயில் கறித்துண்டு இருக்கும்போது பேங்கிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்.

“மிஸ்டர் செய்கு முகம்மது?”

“யெஸ், யெஸ், ஸ்பீக்கிங்.”

பேசி வைத்தார். லாத்தா கையில் சோற்றுக் கரண்டியோடு நின்ற இடத்தில் நின்றுவிட்டார். “செய்கு முகம்மது யாரு?”

“என்ன கேள்வி? என் வாப்பா.”

“மௌத்தாகி மண்ணுக்குள்ள போன மனுசனுக்குப் பேங்குலேர்ந்து போனா?”

“பாஸ்போர்ட்ல கடைசில வாப்பா பேருதானளா இருக்கு. இங்க எல்லாவனும் அப்படித்தான் கூப்புடுறான்.”

“அப்ப உஸைர எப்படிக் கூப்புடுவான்?”

“மிஸ்டர் காதர் மைதீன்னு…” அண்ணன் வாய் பாதியில் நின்றது.

“ஒங்களுக்கு ஒரு பேரு, ஒங்க வாப்பாவுக்கு ஒரு பேரு, மகனுக்கு ஒரு பேரு. யார் புள்ளையோ!” லாத்தா சிரித்த சிரிப்பில் கரண்டியிலிருந்த நெய்ச்சோறு என் வீட்டுக்காரர் மடியில் விழுந்தது. ராபர்ட்டின் மகன் ராபர்ட்ஸ், வில்லியமின் மகன் வில்லியம்ஸ். அவ்வளவுதான் விஷயம். தினம் கிளினிக்கில் ஆட்களை அவர்கள் அப்பா பெயரால் கூப்பிடுகிறவள் நான், எனக்கும் உறைக்கவில்லை பாருங்கள்! அண்ணன் தலை குனிந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்தது, லாத்தா சரி சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. ராபர்ட் எல்லிஸின் தகப்பன் யார், அவனுக்கும் முந்தி யார் என்று இன்னும் பின்னால் போனார். உஸைர் லீவு கேட்டு எழுதிவிட்டான், நாள் குறிக்க வேண்டும், பதில் சொல்லுங்கள் உம்மா என்று கெஞ்சுகிறான். இவரானால் தொண்டு கிழத் தாள்களோடு என் ஹாலில் நடக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

“லாத்தா, கல்யாணம் லவ்ரிக்கா, அவ எள்ளுத் தாத்தாவுக்கா? இன்னும் என்னத்த விசாரிக்கிறீங்க?”

அவர் பிரிட்ஜில் சாய்ந்துகொண்டார். “விசாரிச்சு முடிச்சிட்டா வாயத் தொறந்து சொல்லணும்லளா. வேணாம்னு சொன்னா மகன் போயிருவான். சரின்னு சொன்னாலும் போயிருவான். எங்கூர்லயும் புள்ள பொண்ணு வீட்டுக்குத்தான் போவான், இல்லைங்கல. ஆனா விடிஞ்சதும் தெருவத் தாண்டி வந்து உம்மா கையால தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் சோலிக்குப் போவான். இவன் எந்தத் தெருவத் தாண்டி வருவான்? விசாரிக்கிற சாக்குலயாச்சும் தினம் எங்கிட்ட பேசுறான்ல.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எனக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது.

நேற்று மத்தியானம் வாசல் மணி அடித்தது. லாத்தா மணி அடித்து நான் கேட்டதே இல்லை. போனை நீட்டினார். லவ்ரியின் அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார். நிறுத்தி நிறுத்தி, பயந்து பயந்து பேசினார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். உஸைரின் தாத்தாவுடைய தாத்தா பெயர் என்ன, அவருக்கு என்ன தொழில்? உங்கள் வீட்டுக்கும் பெயர் உண்டாமே, அதற்கு என்ன அர்த்தம்? பையனுக்குக் கோபம் வருமா, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? இதையெல்லாம் கேட்பது உங்களுக்குத் தவறாகப் படலாம், மன்னியுங்கள், எனக்கு இவள் ஒரே மகள்.

“அவுஹளும் விசாரிக்கிறாஹ!” லாத்தா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாத்தியாளா, விசாரிக்கிறாஹ! நல்ல குடும்பம்!”

இன்னும் ஒன்று இருக்கிறது லாத்தா, என்று அந்த அம்மா பேசியதை அப்படியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உஸைர் எங்கள் வீட்டுக்கு வருவான். உங்களோடு போனில் பேசி முடிக்கும்வரை டீயைத் தொடமாட்டேன் என்கிறான், ஆறிப்போகிறது. அது உங்கள் மதப் பழக்கமா? அப்படியென்றால் நாங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

 லாத்தா அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். புரியாத அந்த ஆங்கிலத்தை மறுபடியும் கேட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆமா, மதப் பழக்கந்தான்னு எழுதிரு” என்றார்.

எழுதி அனுப்பினேன்.

“பிருந்தா, வீட்டுல சீனி இருக்குதா?”

டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கிள்ளு எடுத்து முதலில் என் வாயில் வைத்தார்.  இன்னொரு கிள்ளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். கல்லாவில் காதர் மைதீன் அண்ணன் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். லாத்தா நேரே போய்க் கல்லா மேஜைக்கு மேலே கையை நீட்டினார். அண்ணன் கையைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார், சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார்.

“எனக்குச் சுகர் இருக்குளா.”

“தெரியும். விசாரிச்சிட்டேன். வாயத் தொறங்கோ.”

 சில்லறைக்குக் கை நீட்டியவர்கூட நீட்டியபடியே நின்றார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கல்லாவுக்கு மேலே குனிந்து, வாயைத் திறந்தார்.