கிழக்கே கால் நீட்டிய குழி

மீனம்மா என்ற பெயரைக் கமலாசனி முதன்முதலில் கேட்டபோது நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டாம் ஆண்டு, சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு. தம்பி யோகலிங்கம் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, "அக்கா, நான் மீனம்மாவைக் கட்டப்போறன்" என்றான்.

"ஆரடா மீனம்மா?"

"எங்கட வயலிலை களை பிடுங்க வாற பிள்ளை. கலவரத்துக்குப் பிறகு மலையிலையிருந்து வந்த ஆக்கள்."

"தோட்டக்காட்டாளையோ?"

"ஓம். வேதக்காரியும். அதையும் இப்பவே சொல்லிப்போடுறன், பிறகு வேறையா ஒருக்கா நீ கத்த வேண்டாம்."

இவர்கள் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் முத்துலிங்கம், அடுத்தது கமலாசனி, கடைக்குட்டி யோகலிங்கம். அப்பர் புலோலியிலிருந்து வந்து, வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி மல்லாவிப் பக்கம் காடு வெட்டியவர். தாய் பாம்பு கடித்துப் போனபிறகு யோகலிங்கத்தை இடுப்பில் வைத்து வளர்த்தவள் கமலாசனிதான். புருசனைப் பறிகொடுத்து, மகள் இராசமலரோடு அண்ணன் வளவில் ஒதுங்கியிருந்தாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு மகளும், ஊர் அஞ்சும் ஒரு வாயும்.

கலியாணத்துக்கு இவர்கள் ஒருவரும் போகவில்லை. யோகலிங்கம் வாய்க்கால் கரையிலிருந்த அப்பரின் காணித்துண்டில் கொட்டில் போட்டான். அந்த வாய்க்காலிலேயே முழுகி ஞானஸ்நானமும் எடுத்தான். மீனம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து முற்றத்தில் நின்று, "மச்சாள்" என்று கூப்பிட்டாள். புருசன் சொல்லிக் கொடுத்த முறை.

"ஆரடி உனக்கு மச்சாள்? கூலிக்கு வாறவளவை என்னை என்னெண்டு கூப்பிடுகினம்?"

"அம்மான்னு கூப்பிடுவாங்க."

"அப்ப நீயும் அப்பிடியே கூப்பிடு."

அன்றிலிருந்து மீனம்மா அப்படியே கூப்பிட்டாள். வாழைப்பழம் மாட்டுக்குப் போனது.

கலவரத்தில் மலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தீ வைத்தபோது மீனம்மாவின் தாய் உள்ளே படுத்திருந்தவள். அள்ளுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. அகதியாக இருந்த இடத்தில் ஒரு போதகர் வந்து, ஆண்டவர் திரும்பி வருவார், கல்லறைகள் திறக்கும், செத்தவர்கள் உடம்போடு எழும்புவார்கள், அவருடைய இராச்சியத்தில் கண்ணீர் இல்லை என்று சொன்னார். மீனம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கல்லறையே இல்லாத தாயைப் பற்றி அவரிடம் கேட்டாளாம். ஆண்டவருக்கு எல்லாம் முடியும் என்றாராம். முடியும்தான். என்றாலும் எழும்புவதற்கு ஒரு உடம்பு வேண்டுமே என்ற பயம் அவளை விட்டுப் போகவில்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு மார்கழியில் யோகலிங்கத்துக்கு மலேரியா தலைக்கு ஏறியது. பார்க்கப் போன கமலாசனியின் கையைப் பிடித்து, "அக்கா, என்னை எரிக்க விட்டுடாதை. கிழக்கை கால் நீட்டிப் புதையுங்கோ. அவர் கிழக்காலை வரேக்கை நான் எழும்பினால் நேர முகம் பார்க்க வேணும்" என்றான்.

"ஓமடா தம்பி" என்றாள் அவள்.

அவன் போன அன்று சபை ஆட்கள் கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். வெட்டி முடியுமுன் முத்துலிங்கம் ஆட்களோடு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மீனம்மா பிரேதத்தின் காலைக் கட்டிப்பிடித்தாள்.

"எரிச்சுப்புடாதீங்க. எங்கம்மாவையும் எரிச்சுப்புட்டாங்க. இவரையாவது முழுசா விடுங்க."

"நாங்கள் எரிக்கிற ஆக்கள்" என்றாள் கமலாசனி. "என்ர தம்பியை வேதக்காரர் தாட்டவை எண்டு புலோலியிலை கதை போனால், என்ர பிள்ளையை ஆரடி கேட்டு வருவான்?"

சொல்லிக்கொண்டே அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கழற்றினாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அதனால் கமலாசனி கொட்டிலிலேயே நின்றாள். காட்டுக்கு மேலால் புகை தெரியும்வரை மீனம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து வைத்திருந்தாள். வெட்டிய குழியில் மழைத் தண்ணீர் நின்றது.

காடாத்து முடிந்து, எலும்பும் சாம்பலும் மண்முட்டியில் வந்தன. சுடலையிலிருந்து வருவது வீட்டுக்குள் ஏறக்கூடாது என்பதால் முட்டியை வேலிப் பூவரசில் கட்டித் தொங்கவிட்டார்கள். மீனம்மா வந்து படலைக்கு வெளியே நின்றாள்.

"அம்மா, அந்த முட்டிய எனக்குக் குடுங்க. வெட்டின குழி அப்படியே கெடக்கு."

துரத்தினால் போனாள். பிறகும் வந்தாள். அயலட்டைச் சனம் பார்க்கத் தொடங்கியது. கமலாசனி குசினிக்குள் போய், வேறொரு முட்டியில் அடுப்புச் சாம்பலை அள்ளி, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா, கொண்டு போ. இனிக் கரைச்சல் தராதை."

மீனம்மா அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கொட்டிலுக்குப் போய், குழிக்குள் புருசன் உடுத்த சாரத்தை நீளத்துக்கு விரித்து, அதன்மேல் சாம்பலைத் தலையிலிருந்து கால்வரை ஒரு ஆள் கிடக்கிற மாதிரித் தூவி, கால்மாடு கிழக்கே இருக்க மூடினாள். அதைக் கேள்விப்பட்டு கமலாசனியும் இராசமலரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"எது தலை, எது கால் எண்டு எங்கட அடுப்புக்குத் தெரியுமோ அம்மா?" என்றாள் இராசமலர்.

உண்மையான முட்டியை முத்துலிங்கம் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தார்.

அதன்பிறகு மீனம்மா விடிந்ததும் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் இருப்பாள். பிறகு கூலிக்குப் போவாள். ஆமிக் கரைச்சல் கூடக் கூடச் சபை ஆட்கள் ஒவ்வொருவராய் இடம்பெயர்ந்தார்கள். போதகர் இந்தியாவுக்குப் போய்விட்டார். அவள் மட்டும் இருந்தாள். வாய்க்கால் கரையால் போகிறவர்களுக்கு அது ஒரு பகிடி.

"என்ன மீனம்மா, இண்டைக்கும் வரேல்லையோ?"

"இன்னைக்கு வரலீங்க. நாளைக்குப் பாப்போம்."

எண்பத்தாறில் இராசமலருக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பகுதி வாய்க்கால் கரைக் காணியைச் சீதனமாகக் கேட்டது. முத்துலிங்கம் தலையைச் சொறிந்தார். "தாலியறுத்தவளைப் பிடிச்சு எழுப்ப ஊர் விடாது. அவளாப் போனால்தான்."

"போவாள்" என்றாள் கமலாசனி.

காலை வெயிலில் மேட்டுக்குக் கிட்டப் போய் நின்றாள். "உதுக்கை என்ன கிடக்கெண்டு காவல் இருக்கிறாய்? அது என்ர அடுப்புச் சாம்பல். அண்டைக்கு உன்ர ஆய்க்கினை தாங்கேலாமல் அள்ளித் தந்தனான்."

மீனம்மா அவளை அண்ணாந்து பார்த்தாள். மேட்டில் ஒரு பிடி மண்ணை எடுத்தாள். கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப அவரு?"

"முல்லைத்தீவுக் கடலிலை. இவ்வளவுக்கு மீன் திண்டு முடிச்சிருக்கும். இனி உன்ர ஆண்டவர் வந்து ஆரை எழுப்பப் போறார்? பானையையோ?"

அவள் நிலத்தில் விழுந்து குழறுவாள், வேதப் புத்தகத்தை எறிவாள் என்றுதான் கமலாசனி எண்ணியிருந்தாள். மீனம்மா விழத்தான் செய்தாள். வெயில் ஏறும்வரை முகத்தை மண்ணில் வைத்துக் கிடந்தாள். எழும்பியபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"கடலும் தன்கிட்ட இருக்கிற செத்தவங்களத் திருப்பிக் குடுக்கும்னு எழுதியிருக்கு" என்றாள். "நான்தான் இத்தன நாளா வேற எடத்துல குந்திக்கிட்டு இருந்திருக்கேன்."

கொட்டிலுக்குள் போய்ப் பாயையும் வேதப் புத்தகத்தையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். படலையில் நின்று, "வர்றேன் மச்சாள்" என்றாள். கமலாசனி அந்தச் சொல்லைத் திருத்த வாயெடுப்பதற்குள் அவள் றோட்டில் இறங்கிவிட்டாள்.

உழ வந்த உழவு மெசின்காரன் மேட்டைக் கண்டு சுற்றிக்கொண்டு போனான்.

"மேலாலை விடு தம்பி" என்றாள் கமலாசனி. "அதுக்கை ஆளில்லை."

சாரத்தின் கிழிந்த துண்டொன்று கலப்பையில் சுற்றிக்கொண்டு வந்தது. அவன் அதை இழுத்து வரம்பில் எறிந்தான். தம்பிக்கு அவளே ஒரு சித்திரைக்கு வாங்கிக் கொடுத்த நீலக்கோட்டுச் சாரம் அது. அவள் குனிந்து அதை எடுக்கவில்லை. அந்தப் போகம் நெல் நன்றாய் விளைந்தது, இராசமலரின் கலியாணமும் நடந்தது.

இது எண்பத்தொன்பதாம் ஆண்டு. மீனம்மா முல்லைத்தீவுக் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வேலை செய்துகொண்டு, கிழக்கே வாசல் வைத்த ஒரு கொட்டிலில் இருக்கிறாள்.