ஆணியில் தொங்கும் தேதிகள்

மணி மூன்றானதும் கட்டில்காரம்மா வாடகைக்குப் போகாத மருத்துவக் கட்டில் ஒன்றில் ஏறி, முதுகுப் பக்கத்தை நிமிர்த்திக்கொண்டு போனைக் கையில் எடுத்துவிடுவார். அதுதான் அவருடைய ஆபீஸ் நாற்காலி. "எந்த இடத்துல குத்துதுன்னு படுக்கிறவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்ல?" என்பார். சக்கர நாற்காலியையும் தானே உட்கார்ந்து வாசல்வரை ஓட்டிப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் அனுப்பமாட்டார்.

எதிர்ச்சுவரில் ஒரு பலகை. அதில் முப்பத்தொரு ஆணிகள், ஆணிக்கு ஒரு தேதி. வாடகைக்கு எடுத்தவர்களின் அட்டைகள் அவரவர் கைக்குப் பணம் வருகிற தேதியில் தொங்கும். அன்று வங்கி அவர்கள் கணக்கிலிருந்து வாடகையைத் தானாக எடுத்து இவருக்குத் தரும். எடுக்கப் போன இடத்தில் பணம் இல்லையென்றால் அபராதம் இவர் தலையில். "அவங்க பை காலின்னா என் பையில கை வைப்பாங்களாம். நல்ல நியாயம்!" முதல் வருடம் கட்டிய அபராதத்தில் சக்கர நாற்காலியே இரண்டு வாங்கியிருக்கலாம்.

அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தேதிக்கு முந்தின நாள் ஒரு போன். நான்கு மணிக்குள் சொன்னால் வங்கி தேதியை மாற்றிவிடும். அதற்குக் காசு கிடையாது.

இந்த மாதம் போனை எடுக்காத இருவரால் இரண்டு அபராதம் விழுந்துவிட்டது. மூன்றாவதும் விழுந்தால் இந்த வசதியையே நிறுத்துவதாக வங்கியிலிருந்து கடிதம். நிறுத்தினால் நாற்பது வீட்டுக்கும் நடந்து வசூலிக்க வேண்டியதுதான். அவருடைய முழங்கால் நாலு வீட்டுக்குக்கூட ஒத்துக்கொள்ளாது.

மறுநாளுக்கான முப்பதாம் தேதி ஆணியில் ஒரே அட்டை. அம்மா இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதால் கட்டில் எடுத்த பஸ் டிரைவர்.

"தம்பி, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறீங்களா? முதுகு சிவந்திருக்கா?"

"இல்லக்கா. நல்லா இருக்காங்க."

"நாளைக்கு வாடகை எடுப்பாங்க. கணக்குல பணம்..."

"இருக்குக்கா, இருக்கு!"

போனை வைத்த கையோடு வங்கிக்கு அழைத்து, தேதியை மூன்றுக்கு மாற்றச் சொன்னார். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார்.

"அவன்தான் இருக்குங்கிறானே?"

"இருக்கிறவன் எவ்வளவு போகும்னு கேப்பான். இல்லாதவன்தான் நாம கேட்டு முடிக்கிறதுக்குள்ள இருக்குன்னுவான்."

"ஆமா, பெரிய டாக்டர்! குரலைக் கேட்டே வியாதி சொல்லிடுவா."

"முப்பது வருஷமா உங்க குரலைக் கேக்கறேன்ல? நேத்து சர்க்கரை டப்பாவைத் தொடலைன்னு எவ்வளவு வேகமா சொன்னீங்க!"

கணவர் சக்கரத்துக்குத் திரும்பினார். மணி நான்காக மூன்று நிமிடம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் டிரைவரே அழைத்தார்.

"அக்கா, வாடகை எடுக்கலையே?"

"பேங்க்ல ஏதோ கோளாறாம் தம்பி. மூணாந்தேதி எடுப்பாங்களாம்."

"இவங்க எப்பவும் இப்படித்தான்க்கா! ஒரு வேலையாவது உருப்படியா செய்யறாங்களா?" குரலில் தெம்பு திரும்பியிருந்தது.

கட்டில்காரம்மாவும் சேர்ந்துகொண்டு வங்கியை வாயாரத் திட்டினார். இருவரும் திட்டி ஓய்ந்ததும் டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா... மூணுக்குப் பதிலா அஞ்சுன்னு சொல்ல முடியுமா? இந்த மாசம் சம்பளம் தள்ளிப்போச்சு."

"எவ்வளவு போகும்னு தெரியும்ல?"

"அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன்."

கட்டிலைவிட்டு இறங்கி, மூன்றாம் ஆணியிலிருந்த அட்டையை எடுத்து ஐந்தாம் ஆணியில் மாட்டினார். ஆடிக்கொண்டிருந்த அட்டையை, அது அசையாமல் நிற்கும்வரை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.