கேள்வி கேட்காத சர்வர்

சத்தியமங்கலத்தில் பிறந்து இப்போது உக்கடத்தில் குடியிருக்கும் ஜெப்ரிக்கு யாரையும் தொந்தரவு செய்யப் பிடிக்காது. கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனியின் அத்தனை கம்ப்யூட்டர்களும் அவன் பொறுப்பு. ஆனாலும் "தொடலாமுங்களா?" என்று கேட்காமல் யாருடைய கீபோர்டிலும் விரல் வைக்க மாட்டான். அப்படிப்பட்டவன்தான் அந்தச் சர்வரை அமைத்தான்.

அந்தச் சர்வரின் வேலை நல்ல வேலைதான். புது மெஷினை நெட்வொர்க்கில் சொருகி ஆன் செய்தால் போதும், சர்வரே அதற்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிவிடும். வழக்கமாக நடுநடுவே கேள்விகள் வரும். எந்த மொழி, எந்த ஊர் நேரம், டிஸ்கில் உள்ளதையெல்லாம் அழிக்கலாமா? எல்லாவற்றுக்கும் ஜெப்ரி ஒரே ஃபைலில் முன்கூட்டியே பதில் எழுதி வைத்தான். அழிக்கலாமா என்பதற்கும் 'ஆம்'தான். அழகாக வேலை செய்தது. ஆள் தலைகால் புரியாமல் திரிந்தான்.

டெஸ்டிங் பிரிவில் அங்கப்பன் என்பவர் இருந்தார். குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் ஒன்றைத் தானே வடிவமைத்து, வருஷக்கணக்கில் ஓடவிட்டு, ரீடிங்குகளை ஒரு பழைய கம்ப்யூட்டரில் சேர்த்துவந்தார். கடைசியில் மோட்டாரை அறுத்துத் தேய்மானமும் பார்த்தாகிவிட்டது. இனி அந்த ரீடிங்குகளைக் காட்டினால்தான் முதலாளி தயாரிக்கச் சம்மதிப்பார். இல்லையென்றால் அங்கப்பன் ரிடையராவதோடு மோட்டாரும் போகும்.

அவற்றுக்கு ஒரு காப்பி எடுக்க வேண்டும் என்று ஜெப்ரிக்குத் தெரியும். டெஸ்ட் ஓடும்போது அண்ணனைத் தொந்தரவு செய்வானேன் என்று தள்ளிப்போட்டான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்து, கரண்ட் போய்வந்தால் அது செட்டிங்கையெல்லாம் மறந்துவிடுகிறது என்று அங்கப்பனுக்குத் தெரியும். தம்பிக்கு எதற்குச் சிரமம் என்று ஒவ்வொரு முறையும் அவரே தேதியைத் திருத்திக்கொண்டார். என்ன மரியாதையோ, கண்றாவி! ஆளுக்கொரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

சர்வர் வந்தபிறகு முதன்முறையாக ஒரு திங்கட்கிழமை காலையில் கரண்ட் போய்வந்தது. பழைய கம்ப்யூட்டர் தன் டிஸ்கை மறந்துவிட்டு நெட்வொர்க்கைத் தேடிப் போனது. அதைப் புது மெஷின் என்று எடுத்துக்கொண்ட சர்வர் யாரையும் எதையும் கேட்கவில்லை.

ஜெப்ரி பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மத்தியானம் வரை மீட்கப் பார்த்தான். ஒரு ஃபைல்கூட உருப்படியாக வரவில்லை. செத்துப்போகலாம் போலிருந்தது.

மதிய ஷிப்டுக்கு அங்கப்பன் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"அட, புதுசாட்டமாப் பண்ணிப்போட்டீங்களே தம்பி! எம்பட ரீடிங்கெல்லாம் எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

"அழிஞ்சுபோச்சுங்ணா. நான் வெச்ச சர்வர்தானுங்க அழிச்சுப்போட்டுது. ஒண்ணும் மீட்க முடியலீங்க."

அங்கப்பன் தலையாட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெப்ரிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவர் மவுஸை நகர்த்தி ஒரு ஃபோல்டரைத் திறந்தார். காலி.

"இதுலீங்களா?"

"இல்லீங்ணா."

இன்னொன்றைத் திறந்தார். "செரி, இதுல இருக்குமுங்களா?"

போதும் விடுங்கள் என்று சொல்ல ஜெப்ரிக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்ணா" என்றான். அவர் அடுத்ததைத் திறந்தார்.