லியாண்டர் ஆடு மேய்த்த சனிக்கிழமை

லியாண்டர் டொஹானியைப் பற்றி எழுதுவதானால் அவனுடைய பேச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். பீனிக்ஸ் நகரில் வளர்ந்தவன். பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஆண்டுதோறும் எங்கள் பல்கலைக்கழகத்தின் நவஹோ பழங்குடி மாணவர்களாகிய நாங்கள், எங்கள் மக்கள் வாழும் சின்லி வட்டாரத்துப் பள்ளிகளுக்குச் சென்று, மேற்படிப்புக்கு வரும்படி பிள்ளைகளைத் தூண்டிவருகிறோம். அக்குழுவின் முதன்மைப் பேச்சாளன் அவனே. அவன் வாய் திறந்தால் கல்லும் கல்லூரிக்குக் கிளம்பிவிடும் என்பது எங்கள் கணிப்பு. சென்ற இலையுதிர்காலத்தில் அக்கணிப்பு சோதனைக்குள்ளானது.

அன்று ஒரு பள்ளி அரங்கில், நவஹோ வழக்கப்படி, தாய், தந்தை, இரு தாத்தாக்கள் வழியாக வந்த தன் நான்கு குலங்களையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டான். தந்தைவழி கசப்புநீர்க் குலம் என்றதும், முன்வரிசையிலிருந்து பள்ளி இறுதியாண்டு மாணவி வெர்லிண்டா பிட்சிலி கை உயர்த்தினாள்.

"நானும் கசப்புநீர்தான். அப்போ நான் உனக்கு அத்தை. பாக்கெட்டுல இருந்து கையை எடுத்துட்டுப் பேசு, மருமகனே."

அரங்கம் சிரித்தது. அவளுக்கு வயது பதினேழு என்பது இதில் செல்லாது. குலமுறையில், தந்தையின் குலத்துப் பெண் எந்த வயதினளானாலும் அத்தைதான்.

அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த உதவித்தொகை நேர்காணலுக்கு அவளை அழைத்திருந்தார்கள். வர இயலாது என்று சொல்லியிருந்தாள். பேச்சு முடிந்ததும் லியாண்டர் நேரே அவளிடம் போனான்.

"ஏன் அத்தை வரலை? இதை விட்டா உதவித்தொகை போயிடும். அது இல்லாம எப்படிப் படிப்பீங்க?"

"தெரியாமயா இருக்கேன்? சனிக்கிழமை அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில வேலை. ஆட்டை யாரு மேய்ப்பா, உங்க பல்கலைக்கழகமா?"

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா?"

"இல்லதானே? அப்போ நீயே மேய்ச்சுடு."

"நானா? நான் ஆட்டைக் குழம்புலதான் பார்த்திருக்கேன், அத்தை!"

"நாய்ங்களுக்கு வேலை தெரியும். அதுங்க சொல்றபடி நடந்துக்கோ."

மறுக்க வழியில்லை. சனிக்கிழமை காலை, வெள்ளைக் காலணியும் கையில் கழியுமாக அவனை நாய்களின் பொறுப்பில் விட்டுவிட்டு, வெர்லிண்டாவை என் காரில் அழைத்துச் சென்றேன்.

மாலையில் திரும்பியபோது மந்தை பட்டிக்குள் இருந்தது. லியாண்டரின் காலணி செம்மண் நிறமாகியிருந்தது. தலையில் முள், கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. வெர்லிண்டா வேலியில் சாய்ந்து மந்தையைக் கண்ணால் அளந்தாள்.

"மருமகனே, ஓரமா ஒரு கருப்பு மூஞ்சி நிக்குதே, அது நம்ம ஆடு இல்லையே."

"அதுவா வந்துச்சு, அத்தை. நான் ஒண்ணுமே சொல்லல."

"சொல்லியிருப்பே. மேலே படிக்க வான்னு கூப்பிட்டிருப்பே. பாவம், பக்கத்து வீட்டு ஆடு நம்பி வந்துடுச்சு."

"அதை விடுங்க. உங்களுக்குக் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுடுச்சு. அங்கேயே சொல்லிட்டாங்க. ஆகஸ்ட்ல வந்துடுவேன்." அவன் துள்ளுவதற்குள் கழியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "முதல்ல இந்த ஆட்டை அது வீட்டுல விட்டுட்டு வா. மறக்காம உன் நாலு குலத்தையும் சொல்லு. அங்கேயும் ஒரு அத்தை இருந்தாலும் இருப்பா."

இருந்தாள். வயது ஒன்பது, ஆட்டின் சொந்தக்காரியும் அவளே.