உருட்டிப் பார்க்காத மண்

இதை எழுதாமல் வழக்கம்போல மீம் அனுப்பிக்கொண்டு திரியலாம் என்றுதான் இருந்தேன்.

தாராவியிலிருந்து நானும் செல்வமும் நவி மும்பையில் ஐரோலிப் பக்கம் ஒரு கல்குவாரிக்கு வேலைக்குப் போனோம். பாறைக்கு மேலே கிடக்கும் மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். கயிறாகத் திரண்டால் களிமண், ஈரம் ஏறினால் வழுக்கும் என்று குழியின் கரையைச் சரிவாக வெட்டுவார்கள். உதிர்ந்தால் தண்ணீர் தேங்காத கெட்டிச் சரளை, நேராக வெட்டுவார்கள். பத்தாவதில் கோட்டைவிட்ட எனக்கு அதுவே ஆபீசர் வேலை.

அன்று புதுச்சட்டை போட்டிருந்தேன்.

"மண்ணத் தொட்டுப் பாத்தியால?" என்றான் செல்வம்.

"ஆமா, ஜாதகம் பாக்கணும், போலே" என்று சிரித்துவிட்டு, தொடாமலே, வெட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் தாளில் 'சரளை' என்று எழுதினேன்.

மறுநாள் நேராக வெட்டிய கரை மொத்தமாகச் சரிந்து, கீழே நின்ற செல்வத்தைக் கழுத்துவரை மூடியது.

"பக்கெட் போடவா பாய்?" என்று ஜேசிபி டிரைவர் அதன் இரும்பு வாயைத் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"வேண்டாம், தலை போயிரும்!" என்றேன்.

என் மண்வெட்டி அவன் தோளைக் கிழித்தது. அதை எறிந்துவிட்டு நகத்தால் தோண்டினேன். இரண்டு நகம் பிய்ந்தது. விரலில் அப்பிய மண் உதறியும் விழவில்லை. களிமண். இழுத்தபோது அவன் கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவன் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் கண்விழித்தான். "செல்வம், அந்த மண்ண நான் தொடவே இல்லல" என்று அழுதேன்.

"என்கிட்ட அழுது என்னத்துக்குல, அதே கரைக்கு அடியில இன்னொருத்தன நிப்பாட்டுமுன்ன குவாரியில போய்ச் சொல்லு."