காலையில் ஒரு சத்தம், மத்தியானம் ஒரு சத்தம்

என் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் படகைப் பற்றி வாயால் சொல்லப்போனால் நாக்கு பாதியில் நின்றுவிடுகிறது. எழுதினாலாவது தெளிவாகுமா, தெரியாது.

நாமக்கல்லில் லாரி கேபினுக்கு ஃபைபர் வேலை செய்கிறேன். உடைந்த பம்பர், விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி, இவைதான் என் கைக்குப் பழக்கம். என் மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறவன். கடற்கரைப் பக்கம் லோடு இறக்கப் போனவன், திரும்பும்போது ஒரு பாய்மரப் படகை ஏற்றிவந்து என் பட்டறை முன்னால் இறக்கினான். மேட்டூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், அங்கே அணைத் தண்ணீரில் ஓட்டப் பழையதாக வாங்கியிருந்தார். மேல்தளம் மிதித்தால் அமுங்குகிறதாம்.

“ஃபைபர்னா ஃபைபர்தானுங்க மாமா. லாரியென்ன, படகென்ன?” என்றான்.

லாரிக்கு ஒரே தகடு. படகின் மேல்தளத்தில் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் தக்கை மாதிரி லேசான மரம். தண்ணீர் புகுந்து, மேல்தகடு மரத்தை விட்டுப் பிரிந்திருந்தது. பாயை இழுத்துக் கட்ட அவர் நிற்க வேண்டிய இடமே அதுதான். அங்கே கால் உள்ளே போனால் ஆள் தண்ணீருக்குள் விழ வேண்டியதுதான். கூடவே அவர் மனைவியும் போவாராம். இருவருக்கும் அறுபதுக்கு மேல்.

ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். ஒட்டிய இடம் கட்டியாகக் கேட்டது, விட்ட இடம் பொக்கென்று கேட்டது. சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். மத்தியானம் மறுபடி தட்டினால் பொக்குச் சத்தம் கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. அதைச் சுற்றி இன்னொரு பெரிய கோடு போட்டேன். மறுநாள் காலையில் பழைய கோட்டுக்குள் திரும்பி வந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன். எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் போட்ட பெரிய கோட்டைத்தான் நம்பினேன். சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, பழுப்புத் தண்ணீர் வடிந்து காயும்வரை விட்டு, கோழிக்குத் தடுப்பூசி போடுகிற சிரிஞ்சால் ரெசின் என்கிற பசையை உள்ளே ஏற்றினேன். இறுகும்வரை மேலே தீவன மூட்டைகளை அடுக்கினேன். மூட்டையை எடுத்ததும் தட்டினேன். காலையில் கட்டி, மத்தியானம் பொக்கு.

படகைக் கொண்டுபோகக் கணவன் மனைவி இருவரும் வந்தார்கள். மேலே நின்றால் தாங்குமா என்று அவர் கேட்டார். நான் ஏறி அந்த இடத்தில் நின்றேன். ஏதோ முனகியது. படகா, என் முட்டியா என்று தெரியவில்லை.

“தெரியலீங்க சார். காலையில ஒட்டியிருக்குங்க. மத்தியானம் ஒட்டலீங்க” என்றேன்.

“அப்ப நாம காலையில மட்டும் போயிக்கலாமுங்க” என்றார் அந்த அம்மா, கணவரைப் பார்த்து.

கேலியா, நிஜமா என்று அந்த அம்மாவின் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நிஜமாக இருந்துவிடுமோ என்று பயந்துதான் வாய் திறந்தேன்.

“வேண்டாமுங்கம்மா. உட்டுட்டுப் போங்க. அறுத்துப் பாத்துடறேன்.”

மேல்தகட்டை அறுத்து எடுத்தேன். கோட்டுக்குள் ரெசின் எல்லா இடத்திலும் பிடித்திருந்தது. மரம் பிய்ந்துதான் தகடு வந்தது. அப்படியானால் அந்தப் பொக்குச் சத்தம் எங்கிருந்து வந்தது? நல்ல வேலையை நானே கெடுத்துவிட்டேனா? ஒரு மூலையில் மட்டும் மரம் கறுத்து நமத்துப்போய் இருந்தது. அதுவா காரணம்? அவ்வளவு சின்ன இடம் இவ்வளவு பெரிய சத்தம் போடுமா?

மரம் முழுவதையும் மாற்றி, மேலே புதிதாக அடுக்குகள் போட்டேன். அதுவும் காலையில் ஒரு சத்தம், மத்தியானம் வேறு சத்தம். முன்னளவு பொக்கில்லை, ஆனாலும் வேறுதான்.

மறுபடி வந்த இருவரிடமும் மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா உச்சி வெயிலில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு சப்பணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. “கட்டுங்க லாரியில” என்று அங்கிருந்தே, லாரியோடு வந்திருந்த என் மச்சானிடம் சொன்னார்.

படகு போய் வெகுநாளாகிறது. காலையில் மட்டும் போகிறார்களா, எல்லா நேரமும் போகிறார்களா என்று கேட்க எனக்கு இன்னும் கூச்சம்.

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.